கா-ஃபௌ மாறிவிட்டது: பெற்றோரும் பிள்ளைகளும் கேட்டவை

சுவிஸில் ஒன்பதாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் அதிகமாகத் தேடிப் போகும் தொழிற்பயிற்சி கா-ஃபௌ (KV). நம் பழைய பேச்சில் சொன்னால் கந்தோர் வேலை. மூன்று வருடம், கிழமையில் சில நாள் கம்பனியில் வேலை, மிச்ச நாள் தொழிற்பாடசாலை. 2023 ஆகஸ்டில் சேர்ந்த அணியிலிருந்து இதன் பாடத்திட்டம் அடியோடு மாறியது. நான் பழைய முறையில் படித்தவன். இப்போது கணக்கும் வரியும் பார்க்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் புதிய முறையில் இரண்டு பிள்ளைகளைப் பழக்குகிறேன். நிறையக் கேள்விகள் வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

மகன் செக் பே (இடைநிலைப் பாடசாலையில் உயர் மட்டத்துக்கு அடுத்தது). 'பே புரொஃபில்' சுலபம், அதில் சேர்க்கலாம் என்று சொன்னார்கள். இப்போது அப்படி ஒன்றே இல்லையாமே? (ஒரு அம்மா, சூரிச்)

இல்லை அக்கா. பே (B), ஏ (E) என்ற இரண்டு பிரிவையும் எடுத்துவிட்டார்கள். முன்பு 'ஏ' என்றால் இரண்டு அந்நிய மொழி, கூடுதல் கணக்கியல். 'பே' என்றால் ஒரு மொழி. சான்றிதழ் ஒன்றுதான், ஆனாலும் பே படித்தவரை ஒரு படி கீழே வைத்துப் பார்த்த முதலாளிகள் உண்டு. இப்போது எல்லாருக்கும் ஒரே பாதை. இரண்டாம் அந்நிய மொழியை ஆழமாகப் படிப்பதா, அல்லது அதை அடிப்படையோடு நிறுத்திவிட்டுத் தனித் திட்ட வேலை ஒன்று செய்வதா என்று தெரிவு செய்யலாம். மூன்றாம் வருடத்தில் நிதி, வட்டாரத் தேசிய மொழியில் தொடர்பாடல், அந்நிய மொழியில் தொடர்பாடல், தொழில்நுட்பம் என்ற நான்கில் ஒன்றில் கூடுதல் பயிற்சி.

மூன்று வருடம் பாரம் என்று ஆசிரியர் நினைத்தால் இரண்டு வருட ஏ-பே-ஆ (EBA) என்ற சுருக்கப் பயிற்சி இருக்கிறது. அதற்கு முன்பு அலுவலக உதவியாளர் என்று பெயர்; 2023 முதல் அதுவும் கா-ஃபௌ பெயரில்தான். நன்றாகச் செய்தால் அங்கிருந்து மூன்று வருடப் பயிற்சிக்குள் போக வழி உண்டு. வெட்கப்பட ஒன்றுமில்லை.

பாடசாலையில் பாடமே இல்லை. கணக்கியல் என்று ஒரு பாடவேளை கிடையாது. நான் என்ன படிக்கிறேன் என்று அப்பாவுக்கு விளங்கப்படுத்த முடியவில்லை அண்ணா. (முதலாம் வருடம், வின்டர்தூர்)

அப்பாவுக்கு இதைக் காட்டுங்கள். ஒரு வாடிக்கையாளர் பன்னிரண்டு கதிரை வாங்கினார். இரண்டின் கால் உடைந்து வந்தது. கோபமாக ஒரு மின்னஞ்சல் போட்டிருக்கிறார், பணமும் கட்டவில்லை.

பழைய முறையில் இது துண்டு துண்டாக வரும். பொருளை வாங்கியவர் உடனே பரிசோதித்துக் குறையைச் சொல்ல வேண்டும் என்ற கடப்பாட்டுச் சட்டத்தின் 201ஆம் பிரிவு திங்கட்கிழமை 'பொருளாதாரமும் சமூகமும்' பாடத்தில். கடிதத்தை எந்த இடைவெளி விட்டு எப்படி அடிப்பது என்பது புதன்கிழமை வேறொரு ஆசிரியரிடம். மரியாதையான ஜேர்மன் வசனம் மொழி வகுப்பில். விலையைக் குறைத்தால் மதிப்புக்கூட்டு வரியோடு பதிவு எப்படித் திருத்தப்படும் என்பது கணக்கியலில். நான்கிலும் நல்ல புள்ளி எடுத்துவிட்டு, அந்த மின்னஞ்சல் உண்மையில் வந்த நாளில் நான் திகைத்துப்போய் நின்றேன். பயிற்சியின் இரண்டாம் வருடம். யாருக்கு முதலில் போன் எடுப்பது என்றே தெரியவில்லை.

இப்போது அந்த மின்னஞ்சலே பாடம். அதற்குள் சட்டமும் மொழியும் கணக்கும் வருகின்றன. பாடங்களுக்குப் பதிலாக ஐந்து செயல்திறன் தொகுதிகள்: a முதல் e வரை எழுத்து போட்டிருப்பார்கள். முதல் தொகுதியின் பெயரில் 'அஜீல்' (மாற்றத்துக்கு ஏற்ப வளைந்து கொடுப்பது) என்ற சொல் இருக்கிறது. அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவர் ஒரு நாளாவது கோப்பு அடுக்கியிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம். ஆனால் பெயரை விட்டுவிட்டு உள்ளே பார்த்தால் விஷயம் சரிதான்.

பிறகு ஏன் மாற்றினார்கள்? பழையது நன்றாகத்தானே ஓடியது?

உங்கள் வீட்டு இழுப்பறையில் பழைய சிவப்பு, ஒரேஞ் கட்டணச் சீட்டு இருக்கிறதா? 2022 செப்டெம்பர் 30-உடன் அவை செல்லாது. அதன் பிறகு கியூஆர் பில்தான். அந்தச் சீட்டைப் பிழையில்லாமல் நிரப்புவது எங்கள் காலத்தில் ஒரு திறமை. இன்று பில்லை மென்பொருள் வாசித்து, பதிவும் போட்டுவிடுகிறது. பதிவு பிழையாக விழுந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் ஆள் வேண்டும். அதை மனப்பாடம் பண்ணிக் கற்க முடியாது.

2022இல் தொடங்க இருந்தது ஒரு வருடம் பிந்தியது ஏன்?

இங்கே தொழிற்கல்வியை பேர்ணில் இருந்து ஒருவர் ஆணையிட்டு மாற்ற முடியாது. மத்திய அரசு, மாநிலங்கள், தொழில்துறை அமைப்புகள் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். முதல் வரைவில் இரண்டாம் அந்நிய மொழி எல்லாருக்கும் கட்டாயம் என்ற நிலை இல்லை. அப்படியானால் சூரிச் பிள்ளை பிரெஞ்சே இல்லாமல் கா-ஃபௌ முடிக்கலாம். நான்கு மொழி நாட்டில் இதைச் சும்மா விடுவார்களா? பாடசாலைகளும் தயாராக நேரம் போதாது என்றன. முடிவில் எல்லாருக்கும் இரண்டு மொழி, ஆனால் இரண்டாவதன் ஆழம் தெரிவுக்குரியது என்று இணங்கினார்கள். எனக்கு அந்தச் சண்டை பிடித்திருந்தது. அதனால்தான் கிடைத்தது கொஞ்சம் உருப்படியாக இருக்கிறது.

மகளுக்குக் கணக்கியல் ரியூசன் வைக்கலாமா? (ஒரு அப்பா, பேர்ண்)

இந்தக் கேள்வி மட்டும் ஒன்பது பேரிடமிருந்து. வைக்கலாம், காசுக்குச் சேதம். முன்பு கம்பனி சுமாராக இருந்தாலும் பாடசாலைப் புள்ளியால் கரையேறலாம். ரியூசன் அதற்கு உதவும். இப்போது கம்பனி வேலை, பாடசாலை, துறைப் பயிற்சி வகுப்பு மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. கம்பனியில் மகளுக்குத் தபால் பிரிக்கும் வேலை மட்டும் கொடுத்தால், பாடசாலையில் எழுத அவளிடம் அனுபவமே இருக்காது.

இதுதான் இந்தச் சீர்திருத்தத்தில் எனக்குள்ள குறை. நல்ல கம்பனியில் இருக்கும் பிள்ளை பறக்கும். மோசமான இடத்தில் இருக்கும் பிள்ளைக்கு முன்பிருந்த ஏணி குறைந்துவிட்டது. எனக்குத் தெரிந்த ஒரு பெண்பிள்ளை ஏழு மாதம் ஸ்கான் மட்டும் பண்ணினாள். பெற்றோர் 'பொறுத்துக்கொள்' என்றார்கள். பொறுக்கக் கூடாது. பயிற்சி ஒப்பந்தத்தை அங்கீகரிப்பது மாநிலத் தொழிற்கல்வி அலுவலகம். அங்கே முறையிடலாம், இடம் மாறவும் உதவுவார்கள். அவள் மாறினாள்.

ரியூசன் காசில் மாதம் ஒரு முறை மகளோடு வெளியே சாப்பிடப் போங்கள். இந்தக் கிழமை என்ன வேலை செய்தாய், எங்கே பிழைத்தது என்று கேளுங்கள். பயிற்சிக் கோப்பில் அவள் எழுத வேண்டியதும் அதுதான்.

எனக்குக் கடை இருக்கிறது. கா-ஃபௌ பிள்ளை ஒருவரை எடுக்கலாமா? (லூட்சேர்ண்)

மாநிலத்திடம் பயிற்சி அனுமதி எடுக்க வேண்டும். பழக்குபவருக்கு அந்தத் துறைச் சான்றிதழ், இரண்டு வருட அனுபவம், அதன் மேல் பயிற்சியாளர் வகுப்பு (பொதுவாக 40 மணி நேரம்) வேண்டும். அண்ணை, உண்மையைச் சொன்னால், உங்கள் கடையில் நாள் முழுக்கச் செய்யக் கந்தோர் வேலை இருக்கிறதா? இல்லையென்றால் சில்லறை வணிகப் பயிற்சிதான் பொருத்தம். அதையும் 2022இல் புதுப்பித்துவிட்டார்கள்.

எட்டு வருடமாக அலுவலக வேலை செய்கிறேன், சான்றிதழ் இல்லை. வயது 41.

திரும்பப் பயிற்சிக்குப் போகத் தேவையில்லை. ஐந்து வருடத் தொழில் அனுபவம் இருந்தால் நேரே இறுதிப் பரீட்சைக்கு அமரலாம். '32ஆம் பிரிவு' என்று கேட்டால் மாநிலத் தொழில் ஆலோசனை நிலையத்தில் உடனே பிடித்துக்கொள்வார்கள். துறை அனுபவம் எத்தனை வருடம் வேண்டும் என்பதையும் அங்கேயே உறுதிசெய்யுங்கள்.

இலங்கையின் என்விகியூ (NVQ, தேசியத் தொழில் தகைமை) போன்றதுதானா? (யாழ்ப்பாணம்)

அது ஏழு மட்டங்கள் கொண்ட சட்டகம். கீழ் மட்டங்களில் எங்கே, எப்படிப் பழகினாலும் தேறினால் மட்டம் கிடைக்கும். இங்கே முதலில் ஒரு கம்பனி உங்களோடு ஒப்பந்தம் போட வேண்டும். கம்பனி இல்லையென்றால் பெரும்பாலானோருக்குப் பயிற்சியே இல்லை.

நேர்முகத்தில் என்ன சொல்வது? எனக்கு எந்த அனுபவமும் இல்லை. (15 வயது, பாசல்)

இல்லையா? வீட்டுக்கு வரும் காப்புறுதிக் கடிதத்தை யார் வாசித்துச் சொல்வது? நகரசபைக்கு யார் போன் எடுப்பது? அம்மாவின் வரிப்பத்திரத்துக்கு ரசீது யார் அடுக்குவது? பத்து வயதிலிருந்து நீங்கள் சம்பளமில்லாத கா-ஃபௌ. அதில் ஒரு கடிதத்தை எடுத்து, என்ன பிரச்சினை, யாரிடம் பேசினீர்கள், எப்படி முடிந்தது என்று உங்கள் ஜேர்மனில் சொல்லுங்கள்.

பிறகு நீங்களும் ஒன்று கேளுங்கள்: 'எனக்குப் பக்கத்து மேசையில் யார் இருப்பார்?' பெயரோடு பதில் வந்தால் நல்ல இடம். 'அதைப் பிறகு பார்ப்போம்' என்றால் அடுத்த விண்ணப்பத்தை அன்று இரவே அனுப்பிவிடுங்கள், தம்பி.