கார்பல் டனலுக்கு நரம்பு டெஸ்ட் அவசியமா?

கேள்வி: தையல் வேலை செய்கிறேன். ராத்திரியில் கை மரத்துத் தூக்கம் கலைகிறது. டாக்டர் கார்பல் டனல் (மணிக்கட்டில் நரம்பு அழுந்தும் நோய்) என்று சொல்லி, என்.சி.எஸ். (நரம்பில் சிக்னல் எப்படி ஓடுகிறது என்று அளக்கும்) டெஸ்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார். நோய் தெரிந்த பிறகு டெஸ்ட் எதற்கு?

நான் இந்த டெஸ்ட் எடுக்கும் டெக்னீஷியன். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்து, சுண்டுவிரல் மட்டும் தப்பித்து, கையை உதறினால் தேவலை என்றால் நோய் இன்னதென்று டாக்டருக்குப் பெரும்பாலும் தெரிந்துவிடும். நரம்பு எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதுதான் அதில் தெரியாது. வைத்தியம் அதைப் பொறுத்துத்தான் மாறும்.

மணிக்கட்டில் லேசாக ஷாக் கொடுப்போம். கட்டை விரல் அடியில் இருக்கும் மேட்டுச் சதைக்கு சிக்னல் எவ்வளவு நேரத்தில் வருகிறது, எவ்வளவு பலமாக வருகிறது என்று பார்ப்போம். மோதிர விரலையும் சோதிப்போம். அதில் ஒரு பாதிக்கு இந்த நோயில் அழுந்துகிற மீடியன் நரம்பு, மறு பாதிக்கு அந்த இடுக்கு வழியாகப் போகாத அல்நார் நரம்பு. ஒரே தூரத்தில் அளக்கும்போது அல்நாரைவிட மீடியன் அரை மில்லி செகண்ட் பிந்தினாலே மணிக்கட்டில் அழுத்தம் என்று பிடித்துவிடலாம். ஏசியில் உட்கார்ந்து கை ஜில்லென்று இருந்தால் நல்ல நரம்பும் மெதுவாகத்தான் காட்டும். அதனால் தோல் 32 டிகிரிக்காவது வரும்வரை சூடு காட்டிய பிறகே ஆரம்பிப்போம். இதைப் பார்க்காமல் எடுத்த ரிப்போர்ட்டை நான் நம்பமாட்டேன்.

சிக்னல் பிந்தி வந்து, பலம் குறையாமல் இருந்தால் நரம்பின் மேலுறைதான் பாதித்திருக்கிறது, ஒயரின் உறை தேய்ந்த மாதிரி. இது தேறக்கூடியது. மணிக்கட்டை மடங்காமல் நேராக வைக்கும் பட்டையை ராத்திரியில் சில வாரங்கள் போடுவது, தேவைப்பட்டால் ஸ்டீராய்டு ஊசி என்று போகலாம். பலமே குறைந்திருந்தால் உள்ளே இழைகள் செத்துக்கொண்டிருக்கின்றன. அப்போது ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள். முற்றிய நிலையில் சிலருக்கு வலி குறைந்துவிடும், குணமாகிறது என்று நினைத்து மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். அதற்குள் கட்டை விரல் மேடு வற்றி, பட்டன் போடவே வராமல் போய்விடுகிறது. வற்றிய சதை முழுசாகத் திரும்புவது கஷ்டம்.

டெஸ்ட் நார்மல் என்று வந்தாலும் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. ஆரம்ப நிலையில் சிலருக்கு அப்படித்தான் வரும், பட்டையைப் போடுங்கள். சுகர் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மற்ற நரம்புகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

அப்புறம், ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகும் மரத்துப்போனால், புது டெஸ்டை இந்தப் பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டுத்தான் நரம்பு தேறுகிறதா என்று சொல்ல முடியும்.