மறு: சிடி4 ஏறிய பிறகு கண் மங்குகிறது, மாத்திரையை நிறுத்தலாமா?

வணக்கம் நண்பரே. தம்பிக்கு ஏஆர்டி (எச்ஐவிக்கான கூட்டு மருந்து) தொடங்கியபின் சிடி4 (எதிர்ப்பாற்றல் தரும் வெள்ளணுக்களின் எண்ணிக்கை) 40-இலிருந்து 170-க்கு வந்திருக்கிறது, ஆனால் கண்ணில் கரும்புள்ளிகள் மிதக்கின்றன, பார்வை மங்குகிறது என்கிறீர்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

முன்பு சிஎம்வி என்ற வைரஸால் விழித்திரைத் தொற்று இருந்தது என்றீர்களே, முக்கியமான தகவல் அதுதான். எதிர்ப்பாற்றல் அடிமட்டத்தில் இருந்தபோது உடல் அந்த வைரஸைக் கண்டுகொள்ளவே இல்லை. இப்போது தெம்பு வந்ததும் கண்ணில் மிச்சமிருக்கும் வைரஸ் புரதங்களோடு சண்டைக்குப் போகிறது. இதை இம்யூன் ரெகவரி யுவியைடிஸ், அதாவது எதிர்ப்பாற்றல் மீளும்போது கண்ணுக்குள் வரும் அழற்சி என்பார்கள். பெரும்பாலும் கண் சிவக்காது, வலிக்காது. அதனாலேயே பலர் தள்ளிப்போடுகிறார்கள்.

இதுதான் என்று இங்கிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது. சிஎம்வி மறுபடி கிளம்பியிருக்கலாம்; காசநோய், சிபிலிஸ்கூட இப்படிக் காட்டும். காசநோய்க்கு ரிஃபாபுட்டின் சாப்பிட்டால் அந்த மருந்தே கண்ணில் அழற்சி தரும். ஆகவே இந்த வாரமே விழித்திரை மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். கண் பாப்பாவை விரித்துப் பார்த்து, விழித்திரை நடுவே நீர் கோத்திருக்கிறதா என்று ஓசிடி ஸ்கேன் எடுப்பார்கள்.

யுவியைடிஸ் என்றால் ஸ்டீராய்டு சொட்டு மருந்தோ ஊசியோ தருவார்கள். அப்புறம், ஏஆர்டி மருந்துச் சீட்டைக் கண் மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள். அதில் ரிடோனவிர் இருந்தால் சில ஸ்டீராய்டுகள் உடலில் அளவுக்கு மீறித் தேங்கும்.

மின்னல் போல ஒளி தெரிந்தாலோ, ஓரத்திலிருந்து திரை விழுவது போல் மறைத்தாலோ விழித்திரை பிரிந்திருக்கலாம். அப்போது அன்றைக்கே போய்விடுங்கள்.