பொதிகை ஏறும் வழியில் யானை நின்றால்?

கேள்வி: எனக்கு வயது 52. பொதிகை உச்சிக்குப் போய் அகத்தியரைத் தரிசிக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன். வழியில் யானை, கரடி எதிர்ப்படும் என்கிறார்களே, என்ன செய்வது?

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் சமதள நடை மட்டும் போதாது. 1,868 மீட்டர் உயரமுள்ள அந்த உச்சிக்குக் கேரளத்தின் போனக்காட்டிலிருந்து வனத்துறை அனுமதியோடு செல்கிறார்கள். முதல் நாள் அதிருமலை முகாம், மறுநாள் உச்சி, மூன்றாம் நாள் இறக்கம். முட்டிடிச்சான் தேரி என்ற செங்குத்தான ஏற்றம் ஆளைச் சோதிக்கும். உச்சிக்குச் சற்று முன்னால் பாறையில் கயிறு பிடித்து ஏற வேண்டும். முதலில் மருத்துவரிடம் இதயத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். பிறகு மூன்று மாதமாவது முதுகில் பையோடு மாடிப்படி ஏறி இறங்குங்கள். இறங்கும்போதுதான் முழங்கால் அதிகம் அடிபடும்.

விலங்கைப் பற்றிக் கேட்டால் காலைப் பற்றிச் சொல்கிறேனே என்று நினைக்க வேண்டாம். மூச்சு வாங்க ஏறுகிறவர் தன் காலடியைத் தவிர வேறு எதையும் பார்ப்பதில்லை. ஈற்றை என்ற மூங்கில் வகை அடர்ந்த காட்டுக்குள் கிளை முறியும் ஓசை அவர் காதில் விழாது. ஈரம் உலராத யானை லத்தியை மிதித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். காட்டில் நேரும் ஆபத்துகளில் பெரும்பாலானவை, இரு தரப்பும் அறியாமல் மிக அருகில் வந்துவிடுவதால் நேர்பவை.

யானைக்குப் பார்வை மட்டு, மோப்பம் அபாரம். காது அசைந்துகொண்டிருந்தால் அது தன் போக்கில் இருக்கிறது. திடீரென்று அசைவை நிறுத்தி, காதை விரித்து, தும்பிக்கையை உயர்த்தினால் உங்களைக் கண்டுகொண்டது என்று பொருள். அந்த நேரத்தில் வழிகாட்டியின் கையைப் பாருங்கள். இந்த மலைப்பகுதிப் பழங்குடியினரான காணி மக்களில் பலர் இந்த வழியில் வழிகாட்டிகளாக வருகிறார்கள். எந்தப் பக்கம் காற்று வீசுகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். அவர் சொல்கிற திசையில் ஓசையின்றிப் பின்வாங்குங்கள். செல்போனைக் கையில் எடுக்கவே எடுக்காதீர்கள். இறக்கத்தில் யானையால் ஓட முடியாது என்ற தவறான பேச்சை நம்பி எவரும் உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.

கரடி வேறு மாதிரி. புற்றைத் தோண்டிக்கொண்டிருக்கும்போது சுற்றுப்புறத்தையே மறந்துவிடும், திடுக்கிட்டால் தாக்கும். முதுகில் குட்டியைச் சுமந்த தாய் என்றால் கேட்கவே வேண்டாம். புதர் அடர்ந்த வளைவுகளில் கம்பைத் தரையில் தட்டிக்கொண்டு போங்கள், விலக அதற்கு நேரம் கிடைக்கும். அப்படியும் பாய்ந்துவிட்டால் குப்புறப் படுத்து, பிடரியை இரு கைகளாலும் மூடிக்கொள்ளுங்கள். கரடி குறிவைப்பது பெரும்பாலும் முகத்தையும் தலையையும்தான்.

தனியாக நிற்கும் காட்டெருதுக்கு வழிவிட்டு ஒதுங்குங்கள். விழுந்துகிடக்கும் மரத்தை ஒரே எட்டில் தாண்டாதீர்கள். மேலே ஏறி நின்று, மறுபக்கம் பாம்பு இல்லை என்று பார்த்த பிறகு கால் வையுங்கள். அட்டைக்குத் துணியில் முடிந்த சிறு உப்பு மூட்டை ஒன்று போதும்.

ஒன்றை மட்டும் கிளம்பும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். பாதையில் யானைக்கூட்டம் நின்று, வழிகாட்டி "இன்று வேண்டாம்" என்றால் மறுபேச்சின்றித் திரும்ப வேண்டும். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று அவரை வற்புறுத்துவது உங்கள் உயிரோடு அவர் உயிரையும் அடகு வைப்பதாகும். அந்தக் காடு யானையின் வீடு. அகத்தியரை அடுத்த ஆண்டும் தரிசிக்கலாம்.

ஆண்டுதோறும் ஜனவரி, பிப்ரவரியில்தான் பெரும்பாலும் அனுமதி தருகிறார்கள். இணையப் பதிவு தொடங்கியதும் இடங்கள் வேகமாகத் தீர்ந்துவிடும். டிசம்பர் பிற்பகுதியிலிருந்தே கேரள வனத்துறையின் அறிவிப்பைக் கவனித்து வாருங்கள்.