பத்திரிகை நடத்தியவர்களை விரட்டிய கதை

கேள்வி: ‘ஜீப் செரோக்கி’ காரின் பெயரை மாற்றச் சொல்லி அமெரிக்காவின் செரோக்கி பழங்குடியினர் கேட்டதாகப் படித்தேன். படிப்பறிவு இல்லாத காட்டுவாசிகளாக இருந்ததால்தானே வெள்ளைக்காரர்கள் அவர்களைச் சுலபமாக விரட்டினார்கள்? அப்போது நிலத்தையே விட்டுவிட்டு இப்போது ஒரு கார் பெயருக்குச் சண்டை எதற்கு?

பதில்: காரை முதலில் முடித்துவிடுகிறேன். 2021-ல் செரோக்கிகளின் சுய அரசான செரோக்கி நேஷனின் தலைவர் சக் ஹோஸ்கின் ஜூனியர் அப்படிக் கேட்டது உண்மை. எங்களை மதிப்பதாக இருந்தால் எங்கள் அரசையும் வரலாற்றையும் மொழியையும் தெரிந்துகொள்ளுங்கள், காரில் பெயர் போடுவது மரியாதை ஆகாது என்பது அவர் சொன்னதன் சாரம். நியாயமான பேச்சு.

‘படிப்பறிவு இல்லாத’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குத்தான் நான் பதில் சொல்ல வேண்டும்.

சிக்வோயா என்று ஒரு செரோக்கி வெள்ளித் தட்டான். ஆங்கிலம் படிக்கத் தெரியாது. வெள்ளைக்காரர்கள் காகிதத்தைப் பார்த்துப் பேசுகிறார்களே, நம் மொழிக்கும் அது முடியாதா என்று உட்கார்ந்தார். முதலில் சொல்லுக்கு ஒரு குறி போட்டுப் பார்த்தார். அது முடிகிற காரியமாக இல்லை. அப்புறம் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டுக் கேட்டு, அசை அசையாகப் பிரித்து, 1821 வாக்கில் 86 எழுத்துகளில் கொண்டுவந்து நிறுத்தினார். நம் உயிர்மெய் மாதிரி ஓர் எழுத்துக்கு ஓர் அசை. ஆனால் நமக்கு க, கி, கு மூன்றும் முகஜாடை ஒன்று. அங்கே ஒன்றுக்கொன்று சம்பந்தமே கிடையாது. அச்சில் பார்த்தால் இன்னும் வேடிக்கை. ஆங்கில ‘டி’ (D) போல இருப்பது ‘அ’. ‘டபிள்யூ’ போல இருப்பது ‘ல’. உருவம் ஆங்கிலத்தின் சாயல், ஒலி முழுக்க அவர் வைத்தது. ஊரார் சூனியம் என்று பயந்தபோது சின்னப் பெண்ணான தன் மகளை நிறுத்தி, அவள் காதில் விழாமல் பெரியவர்கள் சொன்னதை எழுதி, அவளைப் படிக்கச் சொல்லி நிரூபித்தார் என்பார்கள். பள்ளிக்கூடமே இல்லாமல் சில ஆண்டுகளில் வீடு வீடாகப் பரவியது அந்த எழுத்து. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மனிதர் தனியாளாகத் தன் மொழிக்கு எழுத்து செய்து, ஒரு சமூகமே அதை ஏற்றுக்கொண்டது உலகத்திலேயே அபூர்வம்.

1827-ல் தங்களுக்கென்று அரசியல் சட்டம் எழுதிக்கொண்டார்கள். 1828 பிப்ரவரி 21-ல் நியூ எக்கோட்டா என்ற தங்கள் தலைநகரில் ‘செரோக்கி ஃபீனிக்ஸ்’ என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார்கள். செரோக்கியிலும் ஆங்கிலத்திலும் வந்தது. எழுத்து அச்சுகளை பாஸ்டனில் வார்த்து வாங்கினார்கள். இவர்களையா காட்டுவாசிகள் என்கிறீர்கள்?

அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் எலையஸ் பூடினோ என்ற செரோக்கி. கனெக்டிகட் மாநிலத்தில் கார்ன்வால் என்ற ஊரில் மிஷனரி பள்ளியில் படித்தவர். ‘படித்து நாகரிகம் அடையுங்கள்’ என்று கூட்டிப்போன ஊர் அது. படித்து முடித்தவர் அந்த ஊர்ப் பெண் ஹேரியட் கோல்டைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்பியதும் ஊர் திரண்டு உருவபொம்மை எரித்தது. தீ வைத்தவர் அந்தப் பெண்ணின் கூடப்பிறந்தவர். அந்தப் பள்ளியும் அதோடு மூடப்பட்டது. இந்தப் பக்கம் செரோக்கிகளுக்கும் ஒரு சிக்கல் இருந்தது. அவர்களுக்கு ஏழு குலங்கள்; பிள்ளைக்குத் தாயின் குலம்தான். வீடும் பெண்ணுடையது. அம்மா வேற்றினத்தவள் என்றால் பிள்ளைக்குக் குலமே இல்லை. அவர்கள் உருவபொம்மை எரிக்கவில்லை. அப்படிப் பிறக்கும் பிள்ளைகளும் நம் குடிமக்களே என்று 1825-ல் சட்டம் போட்டார்கள். யார் நாகரிகம் உள்ளவர்கள் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

1829-ல் செரோக்கி நிலம் இருந்த ஜார்ஜியா மாநிலத்தில் தங்கம் அகப்பட்டது. 1830-ல் பழங்குடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அனுப்பும் சட்டத்தில் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் கையெழுத்திட்டார். செரோக்கிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1832-ல், செரோக்கி நிலத்தில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தீர்ப்பளித்தார். ‘மார்ஷல் தீர்ப்பு எழுதிவிட்டார், அவரே அமல்படுத்திக்கொள்ளட்டும்’ என்று ஜாக்சன் சொன்னதாக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பொய் மேற்கோள்களோடு இந்தப் பக்கத்தில் நான் போடும் சண்டை பழைய வாசகர்களுக்குத் தெரியும். அந்த வாக்கியம் முதலில் அச்சேறியதே 1864-ல். ஜாக்சன் இறந்தது 1845-ல். அவர் செய்ததே போதுமானது: தீர்ப்பு கிடப்பில் கிடக்க, வெளியேற்றும் வேலை நடந்தது. அதற்கு மேல் ஒரு வசனத்தை அவர் வாயில் திணித்தால், நடந்த அநியாயத்தையும் கட்டுக்கதை என்று ஒதுக்க வழி செய்துகொடுக்கிறோம்.

கோர்ட்டில் ஜெயித்தும் பயனில்லை என்றதும் பூடினோவின் மனம் மாறியது. ஒப்பந்தம் போட்டு நிலத்துக்குக் கிடைக்கும் விலையை வாங்கிக்கொண்டு போவதே மிச்சம் என்று நினைத்தார். அதைப் பத்திரிகையில் விவாதிக்க விரும்பினார். தலைவர் ஜான் ராஸ் அனுமதிக்கவில்லை. சமூகம் பிளவுபட்டதாகத் தெரிந்தால் எதிரிக்கு லாபம் என்றார். 1832 ஆகஸ்டில் பூடினோ ராஜினாமா செய்தார்.

ஓர் இயக்கத்தின் பத்திரிகையில் ஆசிரியருக்கு மாற்றுக் கருத்தை அச்சிடும் உரிமை வேண்டும் என்று நான் எழுதியபோது எத்தனை கோபக் கடிதங்கள் வந்தன! அதே கட்சியில்தான் இன்றும் இருக்கிறேன். பூடினோவின் கருத்து தவறு என்றே நினைக்கிறேன். ஆனால் அச்சில் வர முடியாமல் போன வாதம் எங்கே போய் நின்றது என்று பாருங்கள். 1835 டிசம்பர் 29 அன்று பூடினோவின் வீட்டிலேயே சுமார் இருபது பேர் கூடி, மொத்த நாட்டையும் ஐம்பது லட்சம் டாலருக்கு எழுதிக்கொடுத்தார்கள். அவர்களுக்கு அந்த அதிகாரத்தை யாரும் தரவில்லை. எதிர்ப்பு மனுவில் 15,000-க்கு மேற்பட்ட பெயர்கள் இருந்தன. அமெரிக்க செனட் ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் ஒப்பந்தத்தை ஏற்றது. அச்சு இயந்திரத்தை ஜார்ஜியாவின் காவல் படை அந்த ஆண்டே பறித்துப் போய்விட்டது.

1838-ல் ராணுவம் வந்தது. சுமார் 16,000 பேரை வீடுகளிலிருந்து பிடித்து முகாம்களில் அடைத்தார்கள். சீதபேதியும் கக்குவானும் அங்கேயே பலரைக் கொன்றன. மீதிப் பேர் பனிக்காலத்தில் இன்றைய ஓக்லஹோமா வரை போனார்கள். ஏறக்குறைய 4,000 பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். வசதியான செரோக்கிகள் கறுப்பின அடிமைகளை வைத்திருந்தார்கள்; அந்த அடிமைகளும் சேர்ந்துதான் நடந்தார்கள். இதை மறைத்து எழுதுவது அந்த அடிமைகளுக்குச் செய்யும் துரோகம். அவர்களின் வாரிசுகளுக்குச் செரோக்கி குடியுரிமை முழுதாக உறுதியாக 2021 வரை ஆனது. பூடினோவை 1839 ஜூன் 22 அன்று சொந்த இனத்தவரே வெட்டிக் கொன்றார்கள். அனுமதியின்றி நிலத்தை விற்றால் மரணம் என்பது அவர்கள் சட்டம்.

‘விட்டுவிட்டு’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். எதையும் விடவில்லை. டாலக்வாவில் புதுத் தலைநகர் அமைத்து மறுபடி பத்திரிகை, பள்ளிக்கூடம், நீதிமன்றம் எல்லாம் கண்டார்கள். 1985-ல் வில்மா மேன்கில்லர் என்ற பெண்மணி தலைவரானார். இன்று செரோக்கி நேஷனுக்கு நாலு லட்சத்துக்கு மேல் குடிமக்கள். சிக்வோயாவின் எழுத்து 2010-லிருந்து ஐஃபோனில் இருக்கிறது. சரளமாகப் பேசுகிறவர்கள் மட்டும் இரண்டாயிரம் பேர் அளவுக்குக் குறைந்துவிட்டதால், 2019-ல் மொழிக்கு நெருக்கடி நிலையே அறிவித்தார்கள்.

இன்னொன்று. அவர்களை விரட்டப் பயன்பட்ட அதே 1835 ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவு, அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் செரோக்கிகளுக்கு ஒரு பிரதிநிதி இருக்கலாம் என்கிறது. 2019-ல் கிம் டீஹீயை அந்த இடத்துக்கு நியமித்துவிட்டு வாக்கைக் காப்பாற்றுங்கள் என்று கேட்டார்கள். 2022-ல் சபைக் குழு ஒன்று கூடி விசாரித்தது. நிலத்தை எடுத்துக்கொள்ளச் சொன்ன பிரிவுகளை மூன்றே ஆண்டுகளில் நிறைவேற்றியவர்கள், இந்த ஒரு நாற்காலியை இன்னும் போடவில்லை.