வாசகர் கேள்வி – பதில்: அணுக்கரு இணைவு

அனல் மின் நிலையத்தில் கொதிகலன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இணைவு உலையில் 15 கோடி டிகிரி வெப்பம் இருக்கும் என்று படித்தேன். அதை எந்தப் பாத்திரம் தாங்கும் ஐயா?
– வாசகர், நெய்வேலி

ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஒன்றோடொன்று இணைந்து ஆற்றலை வெளியிடுவதுதான் இணைவு. அதற்கு வேண்டிய அந்த வெப்பத்தை எந்தப் பாத்திரமும் தாங்காது. ஆகவேதான் சூடான எரிபொருள் சுவரைத் தொடாதபடி காந்தப்புலத்தால் நிறுத்தி வைக்கிறார்கள். அந்த வெப்பத்தில் ஹைட்ரஜன் அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து பிளாஸ்மா என்னும் நிலையை அடைகின்றன. மின்னூட்டம் பெற்ற அந்தத் துகள்கள், கொடி கம்பத்தைச் சுற்றுவதுபோலக் காந்தப்புலக் கோடுகளைச் சுற்றியே ஓடும். கோட்டுக்கு முனை இருந்தால் அதன் வழியே வெளியேறிவிடும் என்பதால், குழாயையே வளையமாக்கிவிட்டார்கள். சோவியத் இயற்பியலாளர்கள் இகோர் டாம், ஆந்த்ரேய் சகாரோவ் இருவரும் 1950-களில் வகுத்த டோக்காமாக் என்னும் கருவி இதுதான். வளையத்தின் வெளிப்பக்கத்தில் காந்தப்புலம் வலுக் குறைவதால் பிளாஸ்மா நழுவும். அதைத் தடுக்க, பிளாஸ்மாவுக்குள்ளேயே மின்னோட்டம் செலுத்திப் புலக் கோடுகளைக் கயிற்றுப் புரிபோல முறுக்குகிறார்கள்.

இன்னொன்று, அந்தப் பிளாஸ்மா நாம் சுவாசிக்கும் காற்றைவிட லட்சம் மடங்குக்கு மேல் அடர்த்தி குறைந்தது. பிடி தவறிச் சுவரில் பட்டால் கருவிக்குச் சேதம் நேரலாம். ஆனால் பிளாஸ்மா நொடியில் குளிர்ந்து அணைந்துவிடும், தொடர்வினை கட்டுமீறுவதற்கு இடமில்லை. இணைவில் பிறக்கும் நியூட்ரான்களுக்கு மின்னூட்டம் இல்லாததால், அவை காந்தப்புலத்தைக் கடந்து வந்து சுவரைச் சூடாக்கும். அதற்குப் பிறகு நடக்க வேண்டியவை, நீராவி, டர்பைன், ஜெனரேட்டர் என்று நீங்கள் பணிக்காலம் முழுவதும் பார்த்தவையே.

கடல்நீரே இதற்கு எரிபொருள் என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, தேவனாம்பட்டினம், கடலூர்

பாதி உண்மை. ஆயிரம் லிட்டர் கடல்நீரில் டியூட்டீரியம் என்னும் கன ஹைட்ரஜன் சுமார் 33 கிராம் இருக்கிறது. வங்கக் கடலில் அதற்குப் பஞ்சமில்லை. ஆனால் அதனுடன் இணைய வேண்டிய, இன்னும் கனமான ஹைட்ரஜன் வகையாகிய டிரிட்டியம் கதிரியக்கம் உடையது, 12.3 ஆண்டுகளில் பாதியாகக் குறைந்துவிடுவதால் இயற்கையில் அது இல்லை என்றே சொல்லலாம். கல்பாக்கத்தில் உள்ளவை போன்ற கனநீர் உலைகளில் அது சிறிதளவு உண்டாகிறது. இணைவு மின் நிலையமோ, உலையைச் சுற்றி லித்தியத்தை வைத்து, நியூட்ரான்கள் அதில் மோதுவதால் தனக்கு வேண்டிய டிரிட்டியத்தைத் தானே விளைவித்துக்கொள்ள வேண்டும். அந்தச் சுழற்சியை முழு அளவில் இதுவரை எவரும் நடத்திக் காட்டியதில்லை. கடல்நீரைப் பற்றிப் பெருமையாக எழுதுகிறவர்கள் பலரும் இந்த லித்தியப் பகுதியை ஏனோ விட்டுவிடுகிறார்கள்.

பிரான்ஸில் கட்டப்படும் உலைக்கு நம் வரிப்பணத்தை ஏன் கொடுக்க வேண்டும்? இங்கே எதுவும் நடக்கவில்லையா?
– வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பிரான்ஸ் என்றதும் புதுச்சேரிக்காரர் கணக்குக் கேட்பது நியாயம்தான். கடராஷ் என்னும் இடத்தில் பல நாடுகள் சேர்ந்து கட்டும் ஈட்டர் என்னும் சோதனை இணைவு உலையில் இந்தியா 2005 டிசம்பரில் சேர முடிவாகி, 2006 நவம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. கட்டுமானச் செலவில் நம் பங்கு ஏறத்தாழ 9 சதவீதம். அதன் பெரும்பகுதி பணமாக அல்ல, இங்கே செய்து அனுப்பும் பொருள்களாகப் போகிறது. உலை முழுவதையும் உள்ளடக்கும் கிரையோஸ்டாட் என்னும் வெற்றிடக் கலம், சுமார் 29 மீட்டர் உயரமும் அதே அளவு அகலமும் 3,850 டன் எடையும் கொண்ட துருப்பிடிக்காத எஃகுக் கட்டுமானம். அதன் துண்டுகள் குஜராத்தின் ஹசீராவில் உருவாகிக் கப்பலில் சென்றன. அவ்வளவு பெரிய கலத்தில் ஊசிமுனைக் கசிவும் இல்லாமல் பற்றவைக்கும் தேர்ச்சி நம் ஆலைகளிலேயே தங்குகிறது என்பதை வரவில்தான் எழுத வேண்டும்.

உள்நாட்டு முயற்சி அதற்கும் முந்தையது. 1982-இல் அகமதாபாத்தில் ஒரு திட்டமாகத் தொடங்கி, 1986-இல் காந்திநகர் அருகே தனி நிறுவனமாகிய பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம், 1989-இல் ‘ஆதித்யா’ டோக்காமாக்கை இயக்கியது. 2013-இல் முதல் பிளாஸ்மாவைத் தந்த அந்நிறுவனத்தின் எஸ்.எஸ்.டி.-1 டோக்காமாக், திரவ ஹீலியத்தால் சுமார் மைனஸ் 269 டிகிரிக்குக் குளிரூட்டப்படும், மின்தடையே இல்லாத மீக்கடத்திக் காந்தங்களைக் கொண்டது. பிளாஸ்மாவை ஆயிரம் நொடி நிறுத்துவது அதன் இலக்கு. அது இன்னும் எட்டப்படவில்லை. பிரான்ஸின் வெஸ்ட் என்னும் டோக்காமாக்கோ 2025 பிப்ரவரியில் 1,337 நொடிகள் நிறுத்தியது. என் மனக்குறை கடராஷுக்குக் கொடுப்பதைப் பற்றியதல்ல, காந்திநகருக்கு இன்னும் தாராளமாகக் கொடுக்கவில்லையே என்பதுதான்.

மாடியில் சூரிய மின் தகடு பொருத்த நினைத்தேன். இணைவு மின்சாரம் மலிவாக வரும், பொறுங்கள் என்கிறான் மகன். பொறுக்கலாமா?
– வாசகர், குறிஞ்சிப்பாடி

பொருத்திவிடுங்கள். இருபது ஆண்டுகளுக்குள் இணைவு ஆற்றலைக் கட்டுக்குள் கொண்டுவரும் வழி பிறக்கும் என்று ஹோமி பாபா ஜெனீவா மாநாட்டில் சொன்னது 1955-இல். பிரிட்டனில் இருந்த ஜெட் என்னும் டோக்காமாக் 2023-இல் 69 மெகாஜூல் வெளியிட்டுச் சாதனை படைத்தது. மின் கட்டணக் கணக்கில் அது ஏறக்குறைய 19 யூனிட், அதுவும் வெப்பமாகவே. அதைப் பெறப் பிளாஸ்மாவுக்குள் செலுத்திய ஆற்றல் அதைவிட அதிகம். 50 மெகாவாட் வெப்பம் செலுத்தி 500 மெகாவாட் பெறுவதே ஈட்டரின் நோக்கம் என்றாலும், 2024-இல் திருத்திய அட்டவணைப்படி டியூட்டீரியமும் டிரிட்டியமும் சேர்ந்த சோதனை 2039-இல்தான் தொடங்கும். அப்போதும் அந்த உலையிலிருந்து ஒரு யூனிட் மின்சாரமும் வெளியே வராது. மின்சாரம் தருவது அதற்கு அடுத்துக் கட்டப்பட வேண்டிய உலையின் வேலை.