புதுக் காரில் வால்பாறை போகலாமா?

கேள்வி: உடுமலையில் இருக்கிறேன். இதுதான் எனக்கு முதல் கார். பெட்ரோல், மேனுவல் கியர், சின்ன வண்டி. டெலிவரி எடுத்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது, 180 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் நாற்பதைத் தாண்டாதே என்கிறார் மாமனார். இந்தக் காலத்து இன்ஜினுக்கு அதெல்லாம் வேண்டாம், இஷ்டம்போல ஓட்டுங்க என்கிறார் ஷோரூம் பையன். பக்கத்து வீட்டுக்காரர் 500-லேயே ஆயிலை மாற்றச் சொல்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேராக வால்பாறை போகத் திட்டம். யார் சொல்வதைக் கேட்பது? வண்டியில் நானே பார்த்துக்கொள்ள வேண்டியவை என்னென்ன?

பதில்: வால்பாறையை முதலில் ஒரு இரண்டு வாரம் தள்ளிப் போடுங்கள். இன்ஜினுக்காகச் சொல்லவில்லை, பிரேக்குக்காகச் சொல்கிறேன். உங்களுக்கு யோசனை சொன்ன மூன்று பேரில் ஒருவர்கூட பிரேக், டயர் பேச்சையே எடுக்கவில்லை, கவனித்தீர்களா? புது வண்டி என்றாலே எல்லோருக்கும் இன்ஜின் கவலைதான். அதை முடித்துவிட்டு பிரேக்குக்கு வருகிறேன்.

இன்ஜினில் பெட்ரோல் எரிகிற சிலிண்டரின் உள்சுவர் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இருக்காது. ஆயில் தங்குவதற்காக அதில் குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கோடுகள் போட்டுத்தான் தொழிற்சாலையில் அனுப்புகிறார்கள். சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங், அந்தச் சுவரில் உரசி உரசித் தனக்கான இடத்தில் உட்கார வேண்டும். பட்டறையில் 'ரிங் செட் ஆவது' என்போம். ரிங் தன் விறைப்பால் மட்டும் சுவரில் அழுந்துவதில்லை. பெட்ரோல் எரியும்போது உண்டாகும் வாயு ரிங்கின் பின்பக்கம் புகுந்து அதை வெளியே தள்ளுகிறது. ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் நாற்பதிலேயே உருட்டிக்கொண்டு போனால் அந்த அழுத்தம் போதிய அளவு கிடைக்காது. அதற்காக எடுத்த எடுப்பில் ஐயாயிரம் ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்று) வரை முறுக்கினால், இன்னும் தேயாத மேடுகள் சூடேறிக் கீறிக்கொள்ளும்.

மாமனார் சொன்னது அம்பாசடர், பத்மினி காலத்துக் கணக்கு. இன்றைய அளவுக்கு நுணுக்கமான கடைசல் அன்றைக்கு இல்லை. ஷோரூம் பையன் சொன்னதை, அவரே உங்கள் கையில் கொடுத்த புத்தகம் மறுக்கும். கையுறைப் பெட்டியில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடக்கும், எடுத்துப் பாருங்கள். மாருதி சுசூகி புத்தகங்களில் முதல் 960 கிலோமீட்டர் என்று இருக்கும் (அதென்ன 960 என்று குழம்ப வேண்டாம், 600 மைல் கணக்கு). ஹூண்டாய் புத்தகங்களில் முதல் 1,000 கிலோமீட்டருக்கு 2,000 முதல் 4,000 ஆர்.பி.எம்.முக்குள் ஓட்டச் சொல்லியிருக்கும். எந்தக் கம்பெனியானாலும் சாரம் ஒன்றுதான்: முழுசாக மிதிக்காதே, ஒரே வேகத்தில் நெடுநேரம் போகாதே, திடீர் பிரேக் போடாதே, எதையும் கட்டி இழுக்காதே.

அதனால் நீங்கள் பார்க்க வேண்டியது வேக முள்ளை அல்ல, ஆர்.பி.எம். முள்ளை. 3,500-க்குள் வைத்துக்கொண்டால் எண்பது வரைக்கும் தாராளமாகப் போகலாம். எண்பதைத் தாண்டியதும் 'பீப்' என்று கத்தினால் பழுது என்று நினைக்காதீர்கள். 2019 ஜூலைக்குப் பிறகு வரும் எல்லாக் கார்களிலும் அந்த எச்சரிக்கை உண்டு. 120-ஐத் தாண்டினால் விடாமல் கத்தும். அதிக வேகத்தைவிட இந்த ஊரில் நான் அடிக்கடி பார்க்கும் தப்பு வேறு. மைலேஜ் கிடைக்கும் என்று நாலாவது கியரில் முப்பதில் போவார்கள், வண்டி உடம்பெல்லாம் உதறும். இன்ஜினுக்கு அது மூச்சுத் திணறல். உதறினால் ஒரு கியர் குறையுங்கள்.

பழனிக்கு ஒரு நாள், தாராபுரத்துக்கு ஒரு நாள் போய் வாருங்கள். ஐம்பது, எழுபது, மறுபடி ஐம்பது என்று ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்து அரை நிமிடம் போதும், பத்து நிமிடம் நிறுத்தி உறும விட வேண்டியதில்லை. மீட்டரில் நீல நிறத் தெர்மாமீட்டர் விளக்கு இருந்தால், அது அணையும்வரை மெதுவாகப் போனால் சரி.

500-ல் ஆயில் மாற்றுவதால் கெடுதல் ஒன்றுமில்லை, பணம்தான் போகும். கம்பெனி சொல்லாத வரை நான் மாற்றச் சொல்ல மாட்டேன். ஆனால் ரிங் செட் ஆகும் வரை இன்ஜின் கொஞ்சம் ஆயில் குடிக்கலாம், ஆகவே அளவை வாரா வாரம் பாருங்கள். கூடவே ஊற்றச் சொல்லி யாராவது 'ஸ்பெஷல்' பாட்டில் நீட்டினால் வாங்காதீர்கள்.

இனி பிரேக். சக்கரத்தோடு சுழலும் தட்டு டிஸ்க், அதை அழுத்திப் பிடிக்கும் கட்டை பேட். புதுப் பேடும் புது டிஸ்க்கும் முழுப்பரப்பும் ஒட்டித் தொடுவதில்லை; அங்கங்கே சில இடங்கள்தான் உரசும். சில நூறு கிலோமீட்டர் மிதமாகப் பிடித்துப் பிடித்து விட்டால்தான் பேடின் பொருள் டிஸ்க் மேல் மெல்லிய படலமாகப் படிந்து இரண்டும் பொருந்தும். அதற்குள் ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஐந்து பேரின் பாரத்தோடு இறங்கினால், பேட் அளவுக்கு மீறிச் சூடேறி மேல்பக்கம் பளபளவென்று இறுகிவிடும். அப்புறம் அது பிடிக்காது, கீச்சிடும். டயரும் அப்படித்தான். தொழிற்சாலையில் வார்ப்பு அச்சிலிருந்து கழற்றி எடுக்கப் பூசிய பொருள் மேல்பரப்பில் கொஞ்சம் ஒட்டியிருக்கும். முதல் இருநூறு முந்நூறு கிலோமீட்டருக்கு, அதுவும் ஈரத் தார் ரோட்டில், பிடிமானம் குறைவு.

டயர் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. போன வருஷம் பட்டறைக்கு ஒரு புது வண்டி வந்தது, முந்நூறு கிலோமீட்டர்கூட ஓடவில்லை. "சஸ்பென்ஷன் போயிருச்சுங்க, சின்னக் குழிக்கே தூக்கிப் போடுது" என்றார் ஓட்டி வந்தவர், முகம் வாடிப்போய். நான் பானெட்டையே திறக்கவில்லை. காற்று கேஜை எடுத்து வால்வில் வைத்தேன்: 46 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அளவு). டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் போட்டிருந்தது 33. வண்டிகள் யார்டில் மாசக்கணக்கில் நிற்கும்போது டயர் சப்பி வடிவம் கெடாமல் இருக்கக் காற்றை ஏற்றி வைப்பார்கள். டெலிவரிக்கு முன்னால் இறக்க வேண்டும். மாலை போட, ரிப்பன் கட்ட ஆள் இருந்திருக்கிறது, காற்றை இறக்க ஆள் இல்லை. நாலு சக்கரத்திலும் இறக்கி ஒரு சுற்றுப் போய் வரச் சொன்னேன். வந்தவர் இறங்கும்போதே சிரித்தார். நீங்களும் இன்றைக்கே பாருங்கள்.

பார்க்கும்போது டயர் ஆறியிருக்க வேண்டும், வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் உள்ள பங்க் என்றால் நல்லது. ஓடிச் சூடான டயர் நாலைந்து பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும், அதை நம்பி இறக்கிவிட்டால் காலையில் குறைந்திருக்கும். ஸ்டிக்கரில் ஆள் குறைவாக இருந்தால் எவ்வளவு, முழுப் பாரம் என்றால் எவ்வளவு என்று இரண்டு கணக்கு இருக்கும். மலைக்கு ஐந்து பேர் போகிற அன்று இரண்டாவது கணக்கு. டயரின் பக்கச்சுவரில் பொறித்திருக்கும் எண் அதிகபட்ச அழுத்தம், அதை வைத்துக் காற்றடிக்காதீர்கள். நைட்ரஜன் போடலாமா என்று கேட்பீர்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். பங்கில் காற்று இலவசம், இருநூறு முந்நூறு ரூபாய்க்கு ஒரு நல்ல கேஜ் வாங்கி டிக்கியில் போட்டு வையுங்கள். ஸ்டெப்னிக்கும் காற்றுப் பாருங்கள். பஞ்சராகி ஜாக்கி போட்ட பிறகு ஸ்டெப்னி சப்பிக் கிடப்பதைக் கண்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அது மற்ற டயரைவிட மெலிந்த டயராக இருந்தால், 80-க்கு மேல் போகக் கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டி ராத்திரி முழுக்க நின்ற இடத்தில், சமதளமாக இருந்தால் பானெட்டைத் திறங்கள். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கை உருவி, துணியில் துடைத்து, முழுசாக உள்ளே விட்டு, மறுபடி உருவுங்கள். முதல் தடவை வந்ததைப் படிக்கக் கூடாது, அது கண்டபடி பூசியிருக்கும். இரண்டு குறிகளுக்கு நடுவில் ஆயில் நின்றால் போதும். மேல் குறியைத் தாண்டி ஊற்றுவதும் தப்பு. இன்ஜின் சூட்டைத் தணிக்கும் கூலண்ட் டப்பாவையும் பிரேக் ஆயில் டப்பாவையும் திறக்க வேண்டியதில்லை, வெளியிலிருந்தே அளவு தெரியும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் தொடாதீர்கள், கொதிக்கிற தண்ணீர் முகத்தில் பீய்ச்சும். கூலண்ட் குறைந்தால் போர் தண்ணீரை ஊற்றாதீர்கள். நம் பக்கத்து உப்புத் தண்ணீர் குடத்தில் வெள்ளை படிகிற மாதிரி ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படியும். பிரேக் ஆயில் குறைந்துகொண்டே வந்தால் ஊற்றிக்கொண்டு இருக்காமல், பேட் தேய்ந்திருக்கிறதா, எங்காவது கசிகிறதா என்று காட்டுங்கள்.

திறந்த கையோடு போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். எந்த ஒயர் எங்கே போகிறது, கூலண்ட் எந்த அளவில் நின்றது, என்ன நிறம் என்று எல்லாம் பதிவாகட்டும். புது வண்டியில்தான் இது முடியும். எலி கடித்தால், ஒரு ஹோஸ் கழன்றால், பழைய படத்தோடு ஒப்பிட்டாலே தெரிந்துவிடும். கிளட்ச் எங்கே பிடிக்கிறது, பிரேக் பெடல் எவ்வளவு கீழே போகிறது, கண்ணாடியை ஏற்றிவிட்டு எழுபதில் போனால் என்ன சத்தம் கேட்கிறது என்பதையும் இந்த ஆயிரம் கிலோமீட்டரில் காதிலும் காலிலும் ஏற்றிக்கொள்ளுங்கள். நாளைக்கு ஏதோ சரியில்லை என்று தோன்ற வேண்டுமானால், சரியாக இருந்தது எப்படி என்று தெரிந்திருக்க வேண்டுமே.

வண்டிக்கு அடியில் சொட்டு விழுந்தால் விரலால் தொட்டுப் பாருங்கள். நிறம், பிசுக்கு எதுவும் இல்லாமல் இருந்தால் ஏசி தண்ணீர், நல்ல அறிகுறிதான். பழுப்பாகப் பிசுபிசுத்தால் ஆயில். பச்சையோ ரோஸோ என்றால் கூலண்ட். பின் விளக்குகளைப் பார்க்க ஆள் வேண்டாம்: இருட்டில் வீட்டுக் கேட்டுக்கு முதுகைக் காட்டி நிறுத்தி, பிரேக்கை மிதித்துக் கண்ணாடியில் பார்த்தால், இரண்டு பக்கமும் சிவப்பு விழுகிறதா என்று தெரிந்துவிடும். வைப்பர் ரப்பரை வெயில்தான் தின்னும், கண்ணாடியில் கோடு விழ ஆரம்பித்தால் மாற்றிவிடுங்கள்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். டாஷ்போர்டில் பிள்ளையார் எங்கே இருக்கிறார்? நடுவில் சின்னதாக இருந்தால் இருக்கட்டும். இடப்பக்கம், ஏர்பேக் என்று எழுதியிருக்கும் மூடியின் மேல் ஒட்டியிருந்தால் இன்றைக்கே இடம் மாற்றுங்கள். ஏர்பேக் கண் இமைக்கும் நேரத்தில் வெடித்து விரியும். மேலே இருப்பது எதுவானாலும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் முகத்துக்குத்தான் வரும். சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள வண்டி என்றால் கண்ட சீட் கவரைப் போட்டு மூடாதீர்கள். பம்பருக்கு முன்னால் இரும்புக் கம்பி மாட்டுவதை 2017-லேயே மத்திய அரசு தடுத்துவிட்டது. ஏர்பேக்கின் சென்சாரையும் அது ஏமாற்றும். பின் சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும், இல்லையென்றால் ஆயிரம் ரூபாய் அபராதம்.

முதல் இலவச சர்வீஸ் சில கம்பெனிகளில் ஆயிரத்தில், சிலதில் ஆயிரத்து ஐநூறில் வரும். கிலோமீட்டர், மாதம் இரண்டில் எது முந்துகிறதோ அதுதான் கணக்கு. தவறவிட்டால் பின்னால் வாரண்டி கேட்கும்போது வாய் அடைக்கும். காகித விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன்: புதுக் காருக்குப் பெரும்பாலும் மூன்றாம் நபர் காப்பீடுதான் மூன்று வருஷத்துக்கு. உங்கள் வண்டியின் சொந்தச் சேதத்துக்கான பகுதி ஒரே வருஷத்தில் முடிந்துவிடும். புகைச் சான்றிதழும் ஒரு வருஷம் கழித்துத் தேவைப்படும்.

ஐநூறு, அறுநூறு கிலோமீட்டர் தாண்டியதும் வால்பாறைக்குக் கிளம்புங்கள். ஏறும்போது இரண்டாவது கியரில் ஏறிய இடத்தை இறங்கும்போதும் இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள், வண்டியை இன்ஜினே பிடித்துக்கொள்ளும். நியூட்ரல் வேண்டாம். பெட்ரோல் மிச்சம் என்று சாவியை அணைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அணைத்த பிறகு இரண்டு மூன்று மிதியோடு பிரேக் கல்லாக இறுகிவிடும், ஸ்டியரிங்கும் கனக்கும். பிரேக்கில் காலை வைத்தபடியே வராமல், அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து உடனே விட்டுவிடுங்கள். எதிரில் ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள். வளைவுகளின் எண் 40-லிருந்து குறைந்துகொண்டே வரும். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சி முனை, அங்கே ஓரமாக நிறுத்தி முன் சக்கரத்தின் அருகே குனிந்து மோந்து பாருங்கள். சக்கரத்தைத் தொட வேண்டாம். கருகல் வாடை அடித்தால் தண்ணீர் ஊற்றாமல், ஒரு இருபது நிமிடம் ஆற விடுங்கள். கீழே ஆழியாறு அணை தெரியும், அதிர்ஷ்டம் இருந்தால் வரையாடும் நிற்கும். மிச்சம் எட்டொன்பது வளைவுதான்.