8 வாரக் குட்டி கூண்டுக்குள்ளேயே சிறுநீர் கழிக்கிறது, என்ன செய்வது?

8 வார பொமரேனியன் நாய்க்குட்டி, இரவில் கூண்டுக்குள்ளேயே நனைத்துவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பிடிவாதம் இல்லை, பாவம், அதால் அடக்க முடியவில்லை.

முதலில் கூண்டின் அளவைப் பாருங்கள். குட்டி நிற்க, திரும்ப, நீட்டிப் படுக்க இடம் இருந்தால் போதும். அதைவிடப் பெரிதென்றால் ஒரு மூலையை நனைத்துவிட்டு இன்னொரு மூலையில் தூங்கிவிடும். நடுவில் தடுப்பு வையுங்கள்.

அடுத்தது நேரம். இதுதான் முக்கியம். வயது எத்தனை மாதமோ, அதோடு ஒன்று கூட்டினால் வரும் மணி நேரம் வரை அடக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். சின்ன இனத்துக்கு அதுவே அதிகம். சிறுநீர்ப்பை அவ்வளவு சிறியது. பகலில் விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு முறையாவது, அப்புறம் தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் வெளியே தூக்கிச் செல்லுங்கள். நடக்க விட்டால் வழியிலேயே சிறுநீர் கழித்துவிடும். ஒரே இடம், முடித்த அந்த நொடியே பாராட்டு. இரவில் இரண்டு மூன்று முறை அலாரம் வைத்து எழுந்திருங்கள். விளக்கைக் குறைத்து, விளையாடாமல், மறுபடி கூண்டுக்கே.

நனைந்துவிட்டால் திட்டாதீர்கள், மூக்கைத் தேய்க்காதீர்கள். ஒளிந்து சிறுநீர் கழிக்கத்தான் கற்றுக்கொள்ளும். என்சைம் (வாடைக்குக் காரணமானதைச் சிதைக்கும் பொருள்) உள்ள கிளீனரால் துடையுங்கள், வாடை இருந்தால் திரும்ப அங்கேயே போகும். இரவு நனைக்காமல் இருக்க வேண்டும் என்று பட்டினி போடவே கூடாது. இவ்வளவு சின்னக் குட்டிக்கு ரத்தத்தில் சர்க்கரை சட்டெனக் குறைந்துவிடும். அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போனால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், தொற்றாக இருக்கலாம்.